தீக்கு மேல் ஒரு வாக்குச்சாவடி

அதிபர் தேர்தல் நடந்த ஆண்டில் கெர்வின் மேடு என்ற சின்னஞ்சிறு ஊருக்குக்கூடத் தொலைக்காட்சிக்காரர்கள் வந்து படம் பிடித்துப் போனார்கள். மறு ஆண்டு நவம்பரில் எட்டிப்பார்க்க ஆளில்லை. மாவட்ட நீதிபதி, பள்ளிக் குழு, ஊர் மேயர் என்று சின்னச் சின்னப் பதவிகள். பலவற்றுக்கு ஒரே ஒரு வேட்பாளர். ஆனால் அந்த முறை வாக்கு இயந்திரத்தின் கடைசி வரிசையில் ஒரு கேள்வியும் இருந்தது. ஊரைக் கலைத்துவிடலாமா?

ஊருக்கு அடியில் நிலக்கரிச் சுரங்கம் பல ஆண்டுகளாக எரிந்துகொண்டிருந்தது. பனிக்காலத்தில்கூட வீட்டுத் தரைகள் சூடாகவே இருந்தன. பெரும்பாலானவர்கள் போய்விட்டார்கள். ஒரே தெருவில் சில வீடுகள்தான் மிச்சம். 'ஆம்' என்று முடிவானால் அரசு எல்லோரையும் வேறிடத்தில் குடியமர்த்தும். மேயர் ஆண்டி ஸ்டோஃப்கோவின் மனைவி ஹெலன் நிலவறையில் புகையால் மயங்கி விழுந்த பிறகு, எல்லோரும் தீயணைப்பு நிலையத்தில் கூடிக் கையைத் தூக்கினார்கள். போய்விடலாம் என்று.

தெரேசா கவுலாவும் கை தூக்கினாள். அவள் கணவன் மைக் அந்த மண்ணுக்கு அடியில்தான் இருந்தான். சுரங்கத்தின் கூரை சரிந்து அவனையும் சேர்த்துப் பதினோரு பேர் உள்ளே அடைபட்டார்கள். உடல்களை எடுக்க முடியவில்லை. வாயில் சிமெண்டால் மூடப்பட்டது. தீ அதற்கப்புறம் வந்தது.

தேர்தல் அன்று தீயணைப்பு நிலையத்தில் தெரேசாவுக்கும் செட் மாலின்சாக்குக்கும் சாவடிப் பொறுப்பு. மதியத்துக்குள் ஊர் முழுக்க வாக்களித்துவிட்டது. ஆனாலும் இரவு எட்டு மணி வரை மூடக் கூடாது. வெளியே மழை. ஹெலன் கொடுத்தனுப்பிய முட்டைக்கோஸ் உருண்டைகளை இருவரும் தின்றுகொண்டிருந்தார்கள்.

"இன்னும் நாலஞ்சு மணி நேரம் சும்மா உக்காரணும்," என்றான் செட். "இந்த மாவட்டத்துல செத்தவங்க ஓட்டுப் போடுவாங்கன்னு சொல்வாங்களே, அவங்களாவது வரட்டும்."

"வாயக் கழுவு," என்றாள் தெரேசா.

அப்போது இயந்திரத்தின் திரை சர்ரென்று மூடிக்கொண்டது.

திரைக்குள் நின்று விசைகளைத் தள்ளி வாக்களிக்கும் பழைய இயந்திரம் அது. உள்ளே நிற்பவர் பெரிய கைப்பிடியை இழுத்தால்தான் திரை மூடும். அதற்கும் முன்னால், வெளியே இருக்கும் பொத்தானைச் செட் அழுத்த வேண்டும். அவன் கையில் முள்கரண்டி இருந்தது. கதவு வழியாக யாரும் வரவில்லை.

திரைக்குக் கீழே இரண்டு பூட்ஸ் தெரிந்தன. கரிச்சேறு படிந்து, நனைந்து.

"யாருப்பா உள்ள?" என்றான் செட். சின்ன விசை ஒன்று 'டிக்' என்று விழுந்தது. பிறகு கைப்பிடி திரும்பியது, திரை விலகியது. உள்ளே யாருமில்லை. தரையில் கறுப்பு நீர் மட்டும்.

திரை மறுபடி மூடியது. இம்முறை வேறு பூட்ஸ்.

தெரேசா எழுந்துபோய்த் திரையின் ஓரத்தைப் பிடித்தாள். துணி வெதுவெதுப்பாக இருந்தது. செட் பின்னாலிருந்து அவள் மணிக்கட்டைப் பற்றினான்.

"வேணாம் தெரேசா. உள்ள ஆள் இருக்கறப்போ தூக்கக் கூடாது. சத்தியம் பண்ணிருக்கோம்."

"ஆளா அது?"

"எனக்குத் தெரியாது. ஆனா தூக்காத."

அவள் விட்டுவிட்டாள். திரை மூடுவதும் திறப்பதுமாக இருந்தது. கடைசியாக வந்த பூட்ஸில் கயிற்றுக்குப் பதில் செப்புக் கம்பி கட்டியிருந்தது. மைக் அப்படித்தான் கட்டுவான். கயிறு நனைந்து அழுகுகிறது என்பான். அவள் குனிந்து, ஒரு கை தூரத்தில், அந்தக் கால்களைப் பார்த்தபடியே இருந்தாள். விசை விழுந்தது. திரை விலகியது.

சாவடி மூடும் நேரத்தில் ஊரே வந்து கூடியது. செட் இயந்திரத்தின் பின்புறத்தைத் திறந்து எண்களை வாசித்தான்.

"ஆம், பதினொண்ணு. இல்லை, ஒம்பது."

"நம்மளே மொத்தம் ஒம்பது பேர்தானே," என்றார் ஆண்டி. பிறகு அவர் முகம் மாறியது. "யாரு 'இல்லை'ன்னு போட்டது?"

ஹெலன்தான் முதலில் தலையை நிமிர்த்தினாள். "நான். கோவிச்சுக்காத ஆண்டி. என் பிள்ளையக் கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டுக்குத்தான வரச் சொல்லிருக்கேன்."

"நானும்தான்," என்றான் செட்.

"நானும்," என்றாள் தெரேசா.

ஆண்டி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "நான் மட்டும் என்ன யோக்கியமா. நானும் அதத்தான் அமுக்குனேன்." சிலர் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

"அப்போ 'ஆம்'னு போட்டது யாரு?" என்று ஹெலன் கேட்டாள்.

தெரேசா தரையைக் காட்டினாள். கறுப்பு நீர் இன்னும் காயவில்லை. அவள் பார்த்ததைச் சொன்னாள். செப்புக் கம்பியைப் பற்றியும் சொன்னாள். அங்கிருந்தவர்களில் சுரங்கத்துக்குள் ஆள் பறிகொடுக்காத குடும்பம் இல்லை. ஹெலன் தன் அண்ணன் எந்தப் பூட்ஸ் போட்டிருந்தான் என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டாள்.

மாவட்ட அலுவலகம் இயந்திரக் கோளாறு என்று அந்தக் கேள்விக்கு மட்டும் மறு வாக்கெடுப்பு வைத்தது. டிசம்பரில் புது இயந்திரம் வந்தது. தெரேசா 'ஆம்' விசையைக் கீழே தள்ளிவிட்டு, பொறுப்பு மேசைக்குப் போகாமல் திரைக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். மூடும் வரை கண் அந்தத் திரையின் அடியிலேயே இருந்தது. துணி அசையவில்லை. செட் அவளைக் கூப்பிடவில்லை. காப்பியை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனான்.

ஒன்பதும் 'ஆம்' என்று வந்தது.

பனிக்காலம் முடிவதற்குள் எல்லோரும் கிளம்பினார்கள். தெரேசாவுக்குப் பக்கத்து ஊரில் ஒரு ரொட்டிக் கடைக்கு மேலே வீடு கிடைத்தது. முதல் நாள் காலை கட்டிலிலிருந்து இறங்கியவள் திடுக்கிட்டுக் காலை இழுத்துக்கொண்டாள். தரை சில்லென்றிருந்தது. தரை என்றால் இப்படித்தான் இருக்கும் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது. பிறகு மெதுவாக இரண்டு பாதங்களையும் அதில் ஊன்றி வைத்து, கீழே ரொட்டி வேகும் வாசம் ஏறி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.