ஐந்தாவது காலடி

அரசியல் சாசனக் குழுவின் அறையில் ஜன்னலிலிருந்து தட்டச்சு மேசை வரை பன்னிரண்டு காலடி. வக்கீல் ஐயா ஐந்துதான் நடப்பார். சுவரே இல்லாத இடத்தில் திரும்பிவிடுவார். பழைய ஆட்சியில் விசாரணையில்லாமல் அவர் ஆறு வருடம் கிடந்த சிறையறையின் நீளம் அது.

"எங்கம்மா விட்டோம்?"

தட்டச்சு மேசையில் இருந்தவள் படித்தாள். "கைதானவரை ஒரு நாளுக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும்."

இந்த வரியை இதுவரை பதினோரு முறை தட்டச்சு செய்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் வீட்டுக்குப் போய், "சாசனம் வந்துட்டா தம்பி வந்துடுவாம்மா" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அச்சக வேலைநிறுத்தத்தில் புதிய ஆட்சியின் போலீஸ் பிடித்துக்கொண்டு போன தம்பி, நான்கு மாதமாக எந்த நீதிபதியையும் பார்க்கவில்லை.

"அதுக்குக் கீழ ஒண்ணு சேர்த்துக்கோ. நாட்டின் பாதுகாப்புக்காகக் காவலில் வைக்கப்படுவோருக்கு இது பொருந்தாது."

அவள் விரல்கள் நின்றன. "ஐயா, இது உங்களை உள்ள வெச்ச சட்டம் மாதிரியே இருக்கே."

"மாதிரி என்ன, அதேதான். மனப்பாடமா இருக்கு. புதுசா யோசிக்கத் தெம்பில்ல." ஐந்து காலடி, திரும்பினார். "ரயில் நிலையத்துல குண்டு வெடிச்சதுலேருந்து குழுவுல எல்லாருக்கும் பயம் வந்துடுச்சு. எனக்கும்தான். ஜெயில் சாவி நம்ம கையிலதானே இருக்குங்கறாங்க."

"நாளைக்கு வேற கைக்குப் போனா?"

"அந்தப் பயம் நேத்து வரைக்கும் இருந்துச்சும்மா. இப்ப குண்டு பயம் பெருசாயிடுச்சு."

மின்விசிறி தாள்களைப் புரட்டியது. அவள் அவற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"என் தம்பி உள்ள இருக்கான் ஐயா."

"தெரியும். அதான் இன்னிக்கு டைப் அடிக்க வேற ஆளக் கேட்டேன். எல்லாரும் லீவாம்." கண்களைக் கசக்கிக்கொண்டார். "பேரை எழுதிக் குடு. அமைச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்றேன்."

"உங்களையும் இப்படித்தான் விட்டாங்களா?"

"எனக்கு அப்ப யாரையும் தெரியாதும்மா. அதான் ஆறு வருஷம்."

அவள் அந்தப் புது வரியைத் தட்டச்சு செய்தாள். கார்பன் வைத்து ஐந்து பிரதிகள். கடைசிப் பிரதியிலும் எழுத்து நன்றாகவே விழுந்திருந்தது. பிறகு ஒரு தாளின் ஓரத்தைக் கிழித்துத் தம்பியின் பெயரை எழுதினாள். அம்மாவிடம் இன்றைக்கும் அதையேதான் சொல்லப்போகிறாள், தம்பி வந்துவிடுவான் என்று.

வக்கீல் ஐயா கையை நீட்டியபடி ஐந்தாவது காலடியில் நின்றிருந்தார். அதற்கு மேல் வரவில்லை. அவள்தான் எழுந்து போய்க் கொடுக்க வேண்டியிருந்தது.