அண்ணன் கொடுத்த ரீல் எனக்கு வேண்டாம்

என் அண்ணன் நல்லவன். பிரச்சினையே அதுதான். கெட்டவனாக இருந்திருந்தால் ஒருநாள் நன்றாகச் சண்டை போட்டு, பேச்சு வார்த்தையை நிறுத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். இவன் கேட்காமலே உதவி செய்வான். செய்ததை ஊருக்கெல்லாம் சொல்வான். நாம் நன்றி சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்த உதவியோடு வாசலில் வந்து நிற்பான்.

அப்படித்தான் தூண்டிலில் நூல் சுற்றுகிற அவனுடைய பழைய ரீல் என் தலையில் வந்து விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவனும் அண்ணியும் நானும் ஊருக்கு வெளியே இருக்கும் நீர்த்தேக்கத்துக்கு மீன் பிடிக்கப் போவோம். எனக்குப் பிடித்தது சின்ன லூர் போட்டுப் பிடிப்பது. விரல் நீளம்கூட இல்லாத ஒரு பளபளப்புத் தகட்டை வீசி, சுற்றி இழுத்து, மறுபடி வீசி, மறுபடி இழுத்து, நாள் முழுக்க அதே வேலை. ராடு, அதாவது தூண்டில் கோல், ஒரு குச்சி கனம்தான் இருக்கும். அதில் அண்ணன் மாட்டிவிட்டதோ கடலில் பெரிய மீனுக்கென்று செய்த ரீல். கருகருவென்று ஒரு இரும்புக் குண்டு.

"சும்மாதானே கிடக்குது, வச்சுக்கோ பாப்பா" என்றான். எனக்கு நாற்பத்தாறு வயது. அவனுக்கு நான் இன்னும் பாப்பாதான்.

கனம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள் நான். மருத்துவர்களின் கோட்டு, நர்சுகளின் சட்டை, அறுவை அறைத் துணி என்று எல்லாம் என் வலது கையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். போன வருடம் அந்தக் கையின் மணிக்கட்டு மக்கர் பண்ண ஆரம்பித்தது. கனத்தைக் குறைத்துக்கொள், பிளாஸ்திரி சுற்றிக்கொள், சரியாகிவிடும் என்றார் டாக்டர். மேற்பார்வையாளரிடம் சொல்லி கனம் குறைந்த நீராவி இஸ்திரிப் பெட்டியாக மாற்றி வாங்கினேன், வேலை ஓடியது. ஆனால் ஞாயிறன்று அந்தக் குண்டு ரீலைப் பிடித்தால் அரை மணி நேரத்தில் கை விண்விண்ணென்று தெறிக்கும். ராடைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் பிடிக்கிற மீனுக்கு வலை நீட்டுவேன்.

அதைப் பார்த்து அவன் தீர்ப்புச் சொல்லிவிட்டான். "கை போச்சு பாப்பா. அந்த வேலைய விட்டுட்டு நம்ம டயர் கடை கல்லாவுல வந்து உட்காரு. ஃபேன் காத்து, நேரத்துக்கு டீ. யாருக்காக இப்படிக் கஷ்டப்படுறே?"

யாருக்காக என்றால் எனக்காகத்தான். எனக்கு என் சம்பளம் பிடிக்கும், என் சாவிக்கொத்து பிடிக்கும், சலவைக்கூடத்துப் பெண்களின் வாய்த்துடுக்கு பிடிக்கும். ஆனாலும் அவன் அடிக்கடி சொல்லச் சொல்ல எனக்கே பயம் வந்துவிட்டது. கைதான் போய்விட்டதோ? இல்லை, இந்தப் பாழாய்ப்போன ரீல்தான் கையைக் கெடுக்கிறதோ? எது என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. ஒரு ஞாயிறன்று, வலையும் கையுமாக நின்றுகொண்டிருந்தபோது வாய் முந்திக்கொண்டது.

"அண்ணா, என் கைக்கு ஏத்த ரீல் ஒண்ணு நானே வாங்குறேன். அடுத்த ஞாயித்துக்கிழமை அதை வச்சு இருட்டுற வரைக்கும் போடுறேன். முடியாம நடுவுல கீழ வச்சேன்னா, மறுநாள் காலைல உன் கல்லாவுல உட்காருறேன். போதுமா?"

"ஓசியில குடுத்ததை விட்டுட்டுக் காசு குடுத்து வாங்கப் போறியா?" என்று சிரித்தான். பந்தயத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

கடைக்குத் தனியாகப் போனேன். விற்பனைக்கு நின்ற பையன் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "வீட்டுல சாருக்கா அக்கா?" என்றான்.

"சார் யாரும் இல்ல. எனக்குத்தான்."

பையன் கூச்சப்பட்டுக்கொண்டு கண்ணாடிப் பெட்டியைத் திறந்தான். தங்க நிறத்தில் ஒன்று, சிவப்புக் கோடு போட்டு ஒன்று, பார்த்தாலே கண் கூசியது. "இதுல பதினொரு பேரிங் அக்கா. நீங்க சொல்ற விலைக்குள்ள இவ்ளோ பேரிங் வேற எதுலயும் வராது." கைப்பிடியைப் பிடித்து லேசாக ஆட்டினேன். லொடலொடவென்றது. பதினொரு பேரிங்கும் உள்ளே கூடி நின்று கும்மாளம் போடும் போலிருக்கிறது. ஈயக்குண்டு நிறுக்கிற தராசு மேசை ஓரத்தில் இருந்தது. ஒவ்வொரு ரீலாக அதில் தூக்கி வைத்தேன். "அக்கா, இதைப் போய் யாராவது எடை போட்டு வாங்குவாங்களா?" என்றான். "எதைச் சுமக்கப் போறோம்னு பார்க்காம வாங்குறவங்க வாங்கட்டும்" என்றேன்.

கடைசி வரிசையில் சாம்பல் நிறத்தில் ஒன்று தூசியோடு இருந்தது. சின்னது. பளபளப்பு கிடையாது, பேரிங் நான்கே நான்கு. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சுற்றினேன். எங்கும் தட்டாமல் சுற்றியது. கம்பி வளையத்தைத் திறந்து மூடினால் டக்கென்று உட்கார்ந்தது. முன்னால் இருக்கும் திருகை லேசாகத் தளர்த்திவிட்டு, நூல் சுற்றுகிற ஸ்பூலைக் கையால் திருப்பினேன். திக்கித் திணறாமல் கிர்ரென்று ஒரே சீராக விட்டுக்கொடுத்தது. பெரிய மீன் இழுத்தால் இப்படித்தான் விட்டுக்கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் மெல்லிய நூல் அறுந்துவிடும். தராசில் வைத்தால் அண்ணனுடைய குண்டில் பாதிகூட இல்லை.

ஒரு ராடில் மாட்டித் தரச் சொல்லி, வீசுகிற மாதிரிக் கையை நீட்டியபடி அங்கேயே நின்றேன். பையன் இரண்டு பேருக்குச் சாமான் கொடுத்து அனுப்பிவிட்டு வந்து பார்த்தான். அப்போதும் நின்றுகொண்டிருந்தேன். கை பேசாமல் இருந்தது.

"இதுதான்" என்றேன்.

கூடவே மெல்லிய பின்னல் நூல் ஒரு சுருள் வாங்கினேன். பையன் பையில் போடும்போது சொன்னான். "அக்கா, இதை வெறும் ஸ்பூல்ல நேரா சுத்திடாதீங்க. வழவழன்னு இருக்கும், பிடிக்காது. அடியில துண்டு டேப்பு ஒட்டிட்டு அது மேல சுத்துங்க." சரி என்றேன்.

சனிக்கிழமை எனக்கு வேலை இருந்தது. ஞாயிறன்று அண்ணன் வீட்டிலிருந்து கிளம்புவதுதான் வழக்கம். அதனால் வேலைக்குப் போகும் வழியில் பையை அங்கே வைத்தேன். "யாரும் தொடாதீங்க, வேலை முடிஞ்சு வந்து நானே நூல் சுத்துறேன்" என்று சொல்லிவிட்டும் போனேன். இரண்டு கண்ணும் சொருகுகிற அளவுக்கு அலுத்துப்போய் ராத்திரி அங்கேயே வந்து படுத்துவிட்டேன். காலையில் காரில் ஏறும்போது அண்ணன் ரீலை எடுத்து என் மடியில் வைத்தான். ஸ்பூல் நிறைய நூல்.

"நேத்து நானே சுத்திட்டேன். அந்தக் கையை வச்சுக்கிட்டு நீ எதுக்குச் சிரமப்படணும்?"

"தொடாதேன்னு சொன்னேனே!"

"அட, உதவிதானே பாப்பா செஞ்சேன்."

"நான் சொல்லிப் பார்த்தேன்" என்றார் அண்ணி முன்சீட்டிலிருந்து. "உங்க அண்ணன் காது இருக்குதே, அது கண்ணாடி மாட்ட மட்டும்தான்."

டேப் ஒட்டினாயா என்று கேட்க வந்தேன். அவன் அதற்குள் பந்தயத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்து, என் கோபத்தைக் கிளறி, அந்தக் கேள்வியை விழுங்க வைத்துவிட்டான்.

அன்று காலை மாதிரி ஒரு காலை எனக்கு வந்து எவ்வளவோ நாளாகிவிட்டது. சரிவான சிமெண்ட் கரையில் நின்று வீசினேன், இழுத்தேன், வீசினேன். தகடு போய் விழுகிற இடத்தில் சின்னதாக ஒரு வட்டம் விரிந்தது. ரீல் கையில் இருப்பதே தெரியவில்லை. கைக்கு அடங்குகிற அளவில் சின்ன மீன் ஒன்று வந்தது, விட்டுவிட்டேன். அண்ணன் ஓரக்கண்ணால் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வெயில் ஏறி, சாப்பிட்டு முடித்து, மறுபடி வந்து நின்றேன். கை போகவில்லை. கத்த வேண்டும் போல இருந்தது, அவ்வளவு சந்தோஷம்.

அப்போதுதான் அது கடித்தது.

ராடு வில்லாக வளைந்தது. மீன் ஆழத்தைப் பார்த்து ஓடியது, நூலும் போனது. ஆனால் கடையில் கேட்ட அந்தக் கிர்ரென்ற சத்தம் வரவில்லை. கைப்பிடியைச் சுற்றினேன், சுற்றச் சுற்ற ஒரு முழம்கூட உள்ளே வரவில்லை. திருகை இறுக்கினேன். அப்போதும் நூல் சத்தமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது.

"பார்த்தியா, பார்த்தியா!" அண்ணன் ஓடி வந்தான். "மலிவுச் சாமான் இப்படித்தான் காலை வாரும். கையில பலம் இல்ல உனக்கு. குடு, இப்படிக் குடு!"

இன்னொரு கணம் போயிருந்தால் கொடுத்திருப்பேன். சத்தியமாகச் சொல்கிறேன், கை நீளத்தான் பார்த்தது. சுற்றினால் வரவில்லை என்றால் கைதான் போய்விட்டது என்றே நினைத்தேன். அந்த நேரத்தில் ரீலை உற்றுப் பார்த்தேன். ஸ்பூலின் முகத்தில் அச்சடித்திருந்த எழுத்து நேராக, ஆடாமல் அசையாமல் நின்றது. ஸ்பூல் சுழலவே இல்லை. அதன்மேல் இருந்த நூல் மொத்தமும், லூசான வளையல் கையில் சுற்றுகிற மாதிரி, தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

டேப் இல்லை. வெறும் ஸ்பூலில் நேராகச் சுற்றியிருக்கிறான். காலமெல்லாம் தடித்த நைலானைக் கட்டிப் பழகியவன். நைலான் தானாகப் பிடித்துக்கொள்ளும். இதையும் அதே மாதிரி கட்டி வைத்திருக்கிறான், யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல்.

என் ரீல் மேல் தப்பில்லை. என் கை மேலும் தப்பில்லை. அது புரிந்ததும் எனக்கு வந்த கோபத்தில் இன்னொரு மீனே பிடித்திருக்கலாம்.

"தொடாதே!" என்று கத்தினேன். வலது கை ஆள்காட்டி விரலால் நூலை ராடோடு சேர்த்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். ரீலால் இழுக்க முடியாவிட்டால் என்ன, எனக்குக் கால் இருக்கிறதே. தண்ணீரைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடந்தேன். சரிவில் ஏறி, புல்லில் ஏறி, மண் பாதையைத் தாண்டி நடந்தேன். மீன் திமிறியபோது விரலைத் தளர்த்தினேன், அசந்தபோது மறுபடி அழுத்திப் பிடித்து நடந்தேன். நூல் விரலைக் கிழித்தது. மணிக்கட்டு உயிர் போகிற மாதிரி வலித்தது, ஆனால் பிடி விடவில்லை.

"எங்க போறே நீ? கிறுக்குப் பிடிச்சிருக்கா?" அண்ணன் கூடவே ஓடி வந்தான்.

"வீட்டுக்கு!" என்றேன். "மீனையும் கூட்டிக்கிட்டுப் போறேன்!"

முதுகு எதிலோ இடித்தது. அண்ணனுடைய கார். அதற்குமேல் போக இடமில்லை. கீழே பார்த்தால் அண்ணி, உடுப்பு நனைவதைப் பற்றிக் கவலைப்படாமல் முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றார். வலையை நீட்டி ஒரு வாரு வாரினார்.

"வந்துடுச்சு!" அவர் போட்ட கூச்சலில் அக்கரையில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

முழங்கை நீளத்துக்கும் மேல் இருந்தது. அண்ணனுடைய வலைக்குள் அந்த வருடம் வந்த எதையும் விடப் பெரியது. அண்ணன் மீனைப் பார்த்தான், என் விரலிலிருந்து வழிந்த ரத்தத்தைப் பார்த்தான், பிறகு ரீலைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "மீன் சரி. ஆனா ரீல் வேலைக்கு ஆகலையே? இருட்டுறதுக்குள்ள கீழ வச்ச மாதிரிதானே. பந்தயம் பந்தயம்தான்."

"கீழ வைக்கல. இங்க வா."

அவன் கண்ணெதிரே ஸ்பூலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் நூலை மொத்தமாகத் திருகினேன். ஸ்பூல் அப்படியே இருந்தது. நூல் மட்டும் வழுக்கிக்கொண்டு சுற்றியது. "இதை யாரு சுத்தினது?"

அவன் தானும் ஒரு தடவை திருகிப் பார்த்தான்.

காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றை அவன் கையில் கொடுத்து, நூல் முழுவதையும் அதில் சுற்றச் சொன்னேன். சுற்றினான். வழவழவென்ற வெறும் ஸ்பூல் தெரிந்தது. கடையோ பக்கத்தில் இல்லை, டேப்புக்கு எங்கே போவது? என் மணிக்கட்டைப் பார்த்தேன். பல்லால் கடித்துப் பிளாஸ்திரியின் ஒரு சுற்றைப் பிரித்தேன். ரோமமும் சேர்ந்து வந்தது. அதைக் கிழித்து ஸ்பூலில் இறுக்கமாக ஒட்டி, அதன்மேல் நூலை முடிந்தேன்.

"குடு பாப்பா, நானே சுத்தித் தர்றேன்" என்று அண்ணன் கை நீட்டினான். பழக்க தோஷம்.

"ஏங்க" என்றார் அண்ணி, நனைந்த உடுப்பைப் பிழிந்தபடி. "கல்லாவுக்கு வேற ஆளைப் பாருங்க."

நான் ரீலின் கைப்பிடியைப் பிடித்தேன். அண்ணன் பாட்டிலோடு எதிரே நின்றான்.

"கை வலிக்கலையா?"

"வலிக்குது."

"அப்புறம் எதுக்கு..."

"வலிச்சா என் கைதானே. என்ன பண்ணணும்னு நான் சொல்லிக்கிறேன். நீ நூலை இறுக்கிப் பிடி."

அண்ணன் இறுக்கிப் பிடித்தான். நான் சுற்ற ஆரம்பித்தேன்.