மாமன் காரும் அத்தை சேலையும்

செல்வம் நிலையற்றது என்பதை உலகிலேயே முதன்முதலாக முழம்போட்டு அளந்து நிரூபித்த ஊர் அரிமளம். அளந்தவர் சிமெண்ட் கடை ராக்கன். அளக்கப்பட்டது அவருடைய வெள்ளைக் கார். அது ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பாதியாகிக்கொண்டிருந்தது.

வாங்கிய அன்று பத்து முழம் இருந்தது, தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றியபோது சாறு எதிர்வீட்டுச் சுவர்வரை தெறித்தது. அந்தச் சுவரைக் கொஞ்ச நாள் கழுவ வேண்டாம் என்று ராக்கன் கேட்டுக்கொண்டார். மணமேல்குடியில் கட்டிக்கொடுத்த தங்கை பொன்னுத்தாய்க்கு அங்கேயே நின்று போன் போட்டு, அவள் மகள் கார்த்திகாவின் பெண்ணழைப்பு இந்தக் காரில்தான் நடக்கும், வாடகைக் கார் வைத்தால் தாய்மாமன் அந்த வாசலை மிதிக்கமாட்டான் என்றும் அறிவித்தார். கார்த்திகா அப்போது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். அதே வாரம் அவர் மனைவி அழகம்மாள், தான் வளர்த்த இரண்டு பசுக்களை விற்று, அசல் ஜரிகையில் அரக்கு நிறப் பட்டுச்சேலை ஒன்று எடுத்தாள். சிமெண்ட் வாங்க வந்தவர்களிடமெல்லாம் ராக்கன் அதைச் சொல்லிச் சிரித்தார். "ரெண்டு மாட்ட ஒடம்புல சுத்திக்கிட்டு வர்றா பாருங்க," என்பார். கார் குறையக் குறைய அவர் சிரிப்பு கூடியது. அழகம்மாள் வருஷத்துக்கு இருமுறை சேலையின் மடிப்பை மாற்றி மடித்து வைத்தாள்.

மறு ஆயுத பூஜைக்குக் கார் ஐந்து முழம். முழங்காலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு புதுக்கோட்டை ஷோரூமுக்கு ஓட்டிப்போனார். மேனேஜர் எழுந்துகூடப் பார்க்கவில்லை. "வாசலத் தாண்டுனாலே கொறையத்தான் சார் செய்யும். எல்லா வண்டிக்கும் உள்ளதுதான்," என்று டீ கொடுத்து அனுப்பினார். அதற்கடுத்த வருஷம் கார் வீட்டுக்குள் வந்துவிட்டது. தெருக்காரர்கள் வழி கிடைத்ததில் சந்தோஷப்பட்டார்களே தவிர அதிசயப்படவில்லை. அவரவர் வீட்டிலும் ஏதோ ஒன்று குறைந்துகொண்டுதான் இருந்தது. நாலாம் வருஷம் பொன்னுத்தாய் போன் போட்டு, "காரு எப்படிண்ணே இருக்கு?" என்றாள். "கல்லு மாதிரி இருக்குத்தா," என்றார். பொய்யில்லை, அன்று அது ஒரு செங்கல் அளவில் அலமாரியில் இருந்தது. அந்தப் பூஜையில்தான், விரலால் தள்ளியும் சக்கரம் எலுமிச்சம்பழத்தில் ஏறாமல் பழத்தைச் சுற்றிக்கொண்டு போயிற்று. பிறகு தங்கை வரும்போதெல்லாம் வண்டியை சர்வீஸுக்கு விட்டிருப்பதாகச் சொல்லி, அதை அரிசி டின்னுக்குள் மறைத்து வைத்தார்.

கார்த்திகா படித்து முடித்து, சென்னையில் வேலைக்கும் போய், ஏழாம் வருஷம் ஐப்பசியில் கல்யாணம் வைத்தார்கள். ராக்கனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. கடைசியில் காரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அழகம்மாளோடு பஸ் ஏறினார். பெண்ணழைப்புக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் கூடி நிற்க, பையிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். யாரும் சிரிக்கவில்லை. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பொன்னுத்தாய் குனிந்து பார்த்துவிட்டு, "சர்வீஸ்லேருந்து வந்துருச்சாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

கார்த்திகா மண்டபத்துக்கு நடந்தே போனாள். அத்தை பையில் கொண்டுவந்திருந்த அரக்குப் பட்டைக் கேட்டு வாங்கிக் கட்டியிருந்தாள். மாப்பிள்ளையின் பெரியம்மா முந்தானையை விரித்துப் பார்த்து, இந்தக் காலத்தில் இப்படி ஜரிகையா, யார் எடுத்தது என்றாள். தாய்மாமனாகத்தான் இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். ராக்கன் மறுக்க வாயெடுத்தார்.

"ஆமாங்க, அவங்கதான் எடுத்தாங்க," என்றாள் அழகம்மாள். "ரெண்டு மாட்ட வித்து."

கூட்டம் ராக்கனைப் பாராட்டியது. அவர் தன் செருப்பைப் பார்த்தபடியே நின்று கேட்டுக்கொண்டார்.

சொன்ன சொல்லுக்காகக் காரும் சீர்வரிசையில் இருக்கட்டும் என்று பொன்னுத்தாய் சொல்லிவிட்டாள். வெற்றிலைக்கும் வாழைப்பழத்துக்கும் நடுவே அதை வைத்தார்கள். கல்யாண வீடியோவில் அந்தத் தட்டு நன்றாகவே விழுந்திருக்கிறது. கார்தான் தெரியவில்லை; முன்னால் எலுமிச்சம்பழம் இருக்கிறது.