ஒஃப்கா சாகும்போது பேசியது

நுரையீரலில் ஈட்டி பாய்ந்த ஒருத்தியால் நூற்று எண்பத்தாறு வார்த்தை பேச முடியுமா? இந்தக் கேள்விக்காக நானும் ராதோவானும் மூன்று வருஷம் சண்டை போட்டோம். முடியும் என்பது என் கட்சி. ஒரு வார்த்தைகூட வராது, குமிழிதான் வரும் என்பது அவன் கட்சி.

அந்த ஒருத்தியின் பெயர் ஒஃப்கா. நான் உண்டாக்கியவள். பிர்னோ நகரத்தில் பழைய பஞ்சாலை ஒன்றின் மூன்றாம் மாடியில் ஒன்பது பேர் சேர்ந்து ஒரு கணினி விளையாட்டு செய்துகொண்டிருந்தோம். பழைய பாணி விளையாட்டு. மேலிருந்து பார்த்தால் சின்னச் சின்ன உருவங்கள், முறை வைத்து அடித்துக்கொள்ளும் சண்டை, ஒவ்வொரு அடிக்கும் உள்ளே உருளும் பகடை, நடுநடுவே பக்கம் பக்கமாகப் பேச்சு. இதை ஆடுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. பேச்சைப் படிக்க வருகிறவர்கள், சண்டையை அளக்க வருகிறவர்கள். எது முக்கியம் என்று இருபத்தைந்து வருஷமாக இணையத்தில் ஒருவரை ஒருவர் வறுத்தெடுக்கிறார்கள். எங்கள் அலுவலகத்தில் இரண்டு ரகத்துக்கும் ஆளுக்கொரு மேஜை, எதிரும் புதிருமாக.

பேச்செல்லாம் என் வேலை. சண்டையெல்லாம் ராதோவான் வேலை. அவன் செவ்வாய், வியாழன் மாலைகளில் ஒரு பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில் நிஜ நீள்வாள் சுற்றுகிறவன். முழங்கையில் எப்போதும் ஒரு நீலத் தழும்பு இருக்கும். அதை ஏதோ பதக்கம் மாதிரி காட்டிக்கொண்டு திரிவான்.

"எழுத்தாளரம்மா, உன் ஆளுங்களுக்கு மூச்சே வாங்காதா? மலை ஏறிட்டு வந்து ரெண்டு பக்கம் தத்துவம் பேசறாங்க."

"உன் ஆளுங்களுக்குப் பேரே இல்லையே தளபதி. பேரில்லாதவன் ரத்தம் எத்தன லிட்டர் போச்சுன்னு நான் எதுக்குக் கவலப்படணும்?"

"ரத்தம் போனா அவன் கவலப்படுவான் ஹெத்விகா. அது போதும்."

ஒருநாள் பந்தயம் கட்டினான். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஒரே நிமிஷம் வாள் பிடிக்க வேண்டும். முடிந்த கையோடு ஒஃப்காவின் சாவுப் பேச்சைப் படித்துக் காட்ட வேண்டும். முழுசாகப் படித்துவிட்டால் ஜென்மத்துக்கும் வாய் திறக்க மாட்டேன் என்றான். போனேன். அவன் என்னை ஒரு அடிகூட அடிக்கவில்லை, என் வாளைத் தடுத்துக்கொண்டே மட்டும் இருந்தான். நிமிஷம் முடிந்து காகிதத்தைப் பிரித்தேன். நாலாவது வார்த்தையில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். அவன் சிரித்திருந்தால் பரவாயில்லை. ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான், அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

"ஒஃப்கா இருபது வருஷமா கூலிக்குச் சண்ட போட்டவ," என்றேன் மூச்சு வந்ததும். "நான் இருபது வருஷமா நாற்காலில உக்காந்தவ. இது எப்படிக் கணக்காகும்?"

தோற்றதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இன்றைக்கும் அது கணக்கில்லை என்றுதான் சொல்வேன்.

விஷயம் விளையாட்டுப் பேச்சாக இருந்தவரை நன்றாகத்தான் இருந்தது. செப்டம்பரில் எங்கள் தலைவி ஸ்வாதவா இருவரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். வசந்தத்தில் வெளியிட்டாக வேண்டும், எங்கள் இருவர் வேலையையும் முடிக்க ஆள் இல்லை, ஒன்றுதான் முழுசாக நிற்கும் என்றாள். ராதோவானின் காய முறை போக வேண்டும், இல்லாவிட்டால் ஒஃப்காவின் பேச்சு பாதியாக வேண்டும்.

காய முறை என்றால் இதுதான். இந்த மாதிரி விளையாட்டுகளில் ஆளுக்கு ஓர் எண் இருக்கும். அடிபட அடிபட அது குறையும். பூஜ்யம் வரும்வரை ஆள் குத்துக்கல் மாதிரி நிற்பான். ராதோவான் அந்த எண்ணையே தூக்கி எறிந்துவிட்டான். கையில் அடிபட்டால் கை வேலை செய்யாது. களைத்தவன் வாளைத் தாழ்த்துவான். பயந்தவன் ஓடுவான், முக்கால்வாசிப் பேர் ஓடத்தான் செய்வார்கள். இரண்டு வருஷ உழைப்பு. ஒஃப்கா எனக்கு மூன்று வருஷ உழைப்பு. நாலாயிரம் வரி. அதில் பாதி என்றால் என் உடம்பில் பாதி என்றுதான் எனக்கு இருந்தது.

"சோதிக்க வர்றவங்க சொல்லட்டும்," என்றாள் ஸ்வாதவா. "அக்டோபர்ல ஒரு சனிக்கிழம கூப்பிடுவோம். படிவம் கிடிவம் ஒண்ணும் வேணாம். நாள் முழுக்க ஆடிட்டு வீட்டுக்குப் போகட்டும். என்ன ஞாபகத்துல நிக்குதோ அத ஞாயித்துக்கிழம எழுதி அனுப்பட்டும்."

பதினேழு பேருக்குச் சொல்லியிருந்தோம். வியாழக்கிழமை மழை பெய்து காட்டில் காளான் முளைத்துவிட்டதால் ஆறு பேர் அதைப் பறிக்கப் போய்விட்டார்கள். அவர்களை யாரும் குறை சொல்லவில்லை. மற்ற பதினொரு பேர் வாசலில் காலணியைக் கழற்றிவிட்டு, வீட்டுச் செருப்பைப் பையிலிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, நாங்கள் வைத்த கசகசா ரொட்டியைத் தின்றுகொண்டே ஆடினார்கள். நான் முதுகுகளை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தேன். யாராவது என் வரிகளைப் படிக்காமல் தட்டித் தள்ளினால் அந்த முதுகில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை காலை பதினொரு கடிதங்களையும் ஸ்வாதவா எல்லாருக்கும் அனுப்பியிருந்தாள். மேலே ஒரு வரி: 'ஹெத்விகா, ஜெயிச்சுட்ட!'

டிராமில் நின்றுகொண்டே படித்தேன். பதினொன்றில் எட்டுப் பேர் ஒரு சண்டையையோ சிக்கலையோ நினைவுகூரவில்லை, வரிகளைத்தான் எழுதியிருந்தார்கள். வார்த்தை மாறாமல். 'ஒஃப்கா கேடயத்தைத் தூக்கப் பார்க்கிறாள். கை வரவில்லை.' இந்த ஒன்றை மட்டும் ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். 'எதிரி வாளைத் தவறவிட்டான். தேடிக்கொண்டிருக்கிறான்.' இதை இரண்டு பேர். அதைப் படித்த பிறகு அந்த எதிரியை அடிக்கப் பொத்தானை அழுத்த முடியவில்லை, எழுந்து போய்க் காபி குடித்தேன் என்று ஒருவர் எழுதியிருந்தார். தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, 'இருபது வருஷமாக இந்த விளையாட்டுகளை ஆடுகிறேன், யாருடைய கைக்காகவும் நான் இப்படிப் பதறியதில்லை' என்று எழுதியிருந்தாள்.

எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இரண்டு நிறுத்தம் தாண்டிய பிறகுதான் அந்த வரிகளை நான் எழுதின ஞாபகமே இல்லை என்பது உறைத்தது. எழுதிவிட்டு மறந்திருப்பேனோ என்றுகூட நினைத்தேன். அவ்வளவு நன்றாக இருந்தன.

அலுவலகத்துக்குப் போய்க் கோப்பைத் திறந்தேன். சண்டை நடக்கும்போது திரையின் அடியில் ஓடும் குட்டி வரிகள், மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு. அவற்றை ஆகஸ்டுக்குள் நான் எழுதியிருக்க வேண்டும். சண்டை வரி எழுதவா நான் பிறந்தேன் என்று அந்தக் கோப்பைத் தொடவே இல்லை. நான் எழுதும்வரை இடம் காலியாக இருக்கக் கூடாதென்று ராதோவான் தானே ஏதோ போட்டு நிரப்பி, ஒவ்வொன்றின் முன்னாலும் 'தற்காலிகம்' என்று குறித்திருந்தான். சோதனைக்குப் போகும்போது அந்தக் குறி தானாக உதிர்ந்துவிடும். வரி மட்டும் நிற்கும். மூன்று வருஷம் நான் எழுதிய நாலாயிரத்தில் ஒன்றைக்கூட ஒருவரும் எழுதி அனுப்பவில்லை.

பதினொரு மணிக்கு எல்லாரும் கூடினோம். ஸ்வாதவா கடிதங்களைச் சத்தமாகப் படித்தாள். ராதோவான் மின்னஞ்சலை வாரத்துக்கு ஒருமுறை பார்க்கிற ஆள், அப்போதுதான் முதல்முறையாகக் கேட்கிறான். 'கை வரவில்லை' வந்ததும் என்னைப் பார்த்தான். நான் மேஜையைப் பார்த்தேன்.

"தெளிவா இருக்கு," என்றாள் ஸ்வாதவா. "யாரும் அடியச் சொல்லல, வரியத்தான் சொல்றாங்க. எழுத்து நிக்குது. காய முறைய எடுத்துடலாம். பழையபடி எண்ணே இருக்கட்டும். இந்த வரிங்கள மட்டும் அப்படியே வெச்சுக்குவோம், அப்பப்ப ஏதாவது ஒண்ணு வந்து போகட்டும். ராதோவான், என்ன சொல்ற?"

அவன் தழும்பைத் தடவிக்கொண்டிருந்தான். "சரி," என்றான்.

அவ்வளவுதான். ஒரு வார்த்தை. என் வாயில் கொழுக்கட்டையா இருந்தது? இல்லை. ஒஃப்கா முழுசாகப் பிழைத்துவிட்டாள் என்ற சந்தோஷம் இருந்தது. அந்தச் சந்தோஷத்தோடு நான் கம்மென்று உட்கார்ந்திருந்தேன். அதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

மதியம் கீழே உள்ள கடையில் பூண்டு சூப்பை வைத்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தான். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"அது உன் வரின்னு ஏன் சொல்லல? என்னைக் கேவலப்படுத்தணும்னா அதவிட நல்ல நேரம் கிடைக்காது."

"எது?"

"நடிக்காத ராதோவான்."

நிஜமாகவே விழித்தான். "அதெல்லாம் எழுத்தா? ஒரு மாசம் வீடியோ எடுத்து, அடிபட்டா நெசமா என்ன ஆகும்னு பாத்தேன். கை வரலன்னா கை வரலன்னு போட்டேன். நீ ஒழுங்கா மாத்தி எழுதுவேன்னு காத்துட்டு இருந்தேன். அங்க படிக்கறப்ப எனக்கே கூச்சமா போச்சு. ஐயோ, இன்னும் மாத்தலையேன்னுதான் உன்னப் பாத்தேன்."

மூன்று வருஷமாக என் எதிர் மேஜையில் உட்கார்ந்து என் எழுத்தைக் கிண்டல் பண்ணிய ஆள், தன் வரிகளை நான் வந்து நல்லதாக்குவேன் என்று காத்திருந்திருக்கிறான். எனக்கு வந்த கோபம் யார் மேல் என்று தெரியவில்லை. எழுந்து மூன்று மாடியும் படியேறியே போனேன், ஸ்வாதவா முன்னால் நிற்கும்போது நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை.

"அவன்... எழுதினது. நான் இல்ல."

ஸ்வாதவா கதவைச் சாத்தினாள். முழுவதையும் கேட்டாள்.

"காலைல ஏன் வாய மூடிட்டு இருந்த?"

"ஒஃப்காவுக்காக."

"இப்ப மட்டும் என்ன?"

"கை வரலன்னு கீழ வரி ஓடும். அடுத்த முறை அவ கேடயத்தத் தூக்கிட்டு ஜம்முன்னு நிப்பா. ஏன்னா உள்ள வெறும் எண்ணுதான இருக்கும்? ரெண்டாவது சண்டையில இந்த வரி பொய்னு தெரிஞ்சுடும் ஸ்வாதவா. அப்புறம் நான் எழுதினத மட்டும் எவன் நம்புவான்? கை நெசமா வராம இருந்தாத்தான் அது வரி."

அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கோபம்தான், கழுத்து சிவந்திருந்தது. "காய முறை நிக்கணும்னா ஒஃப்கா பாதியாகணும். அதுல மாத்தமில்ல. தெரிஞ்சுதான் சொல்றியா?"

"தெரிஞ்சுதான்."

"நீயே வெட்டு. வேற எவனையும் நான் தொடச் சொல்ல மாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள."

வெட்டுவது எழுதுவதைவிட வேகமாக நடக்கிறது. எது வேண்டாம் என்று எனக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன். ஒன்றும் நடக்காத இடங்களை முதலில் எடுத்தேன், கதையை நகர்த்தாத சந்திப்புகள், சும்மா வந்து போகும் பேச்சுகள். பெரிய இடங்களைக் கடைசிவரை தொடக் கூடாது என்று வைத்திருந்தேன். சாவுப் பேச்சை எல்லாவற்றுக்கும் மேலே பத்திரமாக வைத்திருந்தேன்.

புதன்கிழமை ராதோவான் தன் நாற்காலியை உருட்டிக்கொண்டு என் பக்கம் வந்தான். விஷயம் அவனுக்குத் தெரிந்துவிட்டது. நன்றி என்று சொல்லிவிடுவானோ என்று பயந்தேன். நல்ல வேளை, சொல்லவில்லை.

"ஒண்ணு கேக்கலாமா?"

"கேளு."

"அந்த மாவு மில் இடம் இருக்குல்ல, அத மட்டும் விட்டுடேன்."

எந்த மில் என்று எனக்கு ஞாபகம் வரவில்லை.

"ரெண்டாவது ஊர்ல. ராத்திரி தங்கறப்ப ஒஃப்கா காலணில இருக்கற கல்ல எடுக்கறா. கல்லு வரல. கூட வர்ற நம்ம ஆளு, அதான் ஆடறவன், உதவட்டுமான்னு கேக்கறான். வேணாம், இன்னிக்கு நாள் பூரா இதோட பழகிட்டேன்னு சொல்றா. அவ்வளவுதான். அதுக்கப்புறம் ரெண்டு பேரும் தூங்கிடறாங்க."

"அதுல ஒண்ணுமே நடக்கலையே."

"நடக்கல. ஆனா அதுக்கப்புறம்தான் அவ ஆளுன்னு எனக்குத் தெரிஞ்சுது. காய முறைய ஒஃப்கா மேல போட்டுப் பாக்கறப்பல்லாம் நான் அங்கேருந்துதான் ஆரம்பிப்பேன். அந்த இடத்தப் படிக்காம ஓட்டினா, கை வரலன்னு வரி வந்தப்ப எனக்கே ஒண்ணும் ஆகல. நாப்பது அம்பது தடவ செஞ்சு பாத்துட்டேன்."

நான் எழுதிய நாலாயிரத்தில் அந்த ஐந்து வரி ஏதோ ஒரு மதியம், சாப்பிடப் போகும் அவசரத்தில், இடத்தை நிரப்பப் போட்டது. வெட்ட உட்கார்ந்ததும் திங்கட்கிழமை முதல் வேலையாக எடுத்தது அதைத்தான்.

"எடுத்துட்டியா?" என்றான்.

தலையாட்டினேன். அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. அவன் பழைய பதிவுகளைத் தோண்டி அந்த ஐந்து வரியைக் கண்டுபிடித்துக் கொடுத்தான். திரும்ப வைத்தேன். வைத்ததும் அளவு மீறியது, வேறு எங்காவது எடுத்தாக வேண்டும். சாவுப் பேச்சைத் திறந்தேன். நூற்று எண்பத்தாறு வார்த்தை. ஒருமுறை முழுக்கப் படித்தேன், நன்றாகத்தான் எழுதியிருந்தேன். பிறகு மொத்தத்தையும் தேர்ந்தெடுத்து நீக்கினேன்.

ராதோவான் திரையைப் பார்க்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தான்.