தடுப்புச் சுவரின் இந்தப் பக்கம்

ஒலக்கூர் டூரிங் கொட்டகையில் பழைய கறுப்பு வெள்ளைக் கொலைப்படம் போட்டிருந்தார்கள். தனக்கோட்டி அதைத் திண்டிவனத்திலேயே பார்த்துவிட்டவன்.

“கொலகாரன் யாருன்னு தெரிஞ்சப்புறம் எவன் பார்ப்பான்? சுத்த தண்டம்!” என்று எரிந்து விழுந்தான்.

“எனக்குத் தெரியாதில்ல? வாயத் தொறக்காம வா” என்று மனைவி கெங்கம்மாள் இழுத்துக்கொண்டு போனாள்.

கொட்டகையில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். நடுவில் முழங்கால் உயர மண்சுவர். தனக்கோட்டி மணலில் சாய்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். திரையில் மாடிப்படி கிறீச்சிட்டது. கதவு மெல்லத் திறந்தது. உள்ளே வரப்போவது யாரென்று அவனுக்குத் தெரியும்.

சுவரைத் தாண்டி வந்து, அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டு கெங்கம்மாள் உட்காருவாள் என்பதுதான் தெரியாது. படம் முடியும்வரை அவள் விடவில்லை.

வெளியே வரும்போது டிக்கெட் கிழிப்பவரிடம் கேட்டான்: “நாளைக்கும் இதே படந்தானே?”