எந்தப் பரவாயில்லை?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் உதிக்கவில்லை, இடது முழங்காலில் உதித்தது. அதைக் காட்டப் போன மூட்டு மருத்துவமனையில் எதிர் நாற்காலிகளில் வயதான கணவன் மனைவி. அந்த அம்மாள் கையில் படிவமும் பேனாவும். கணவருக்குப் பேனா பிடிக்க வராது. விரல் கணுக்கள் வீங்கி, ஒவ்வொரு விரலும் ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருந்தது. மீதி நானாகச் சேர்த்தது. ஒட்டுக்கேட்டதும் கொஞ்சம் உண்டு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "வலி என்பது ஒரு நெடும்பயண—"

வேண்டாம். வலி எங்கேயும் பயணம் போகவில்லை, அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. அதுதான் தொல்லையே.

அடுத்து: "முதுமையின் அந்தி வெளிச்சத்தில் அவர்—"

மணி காலை பத்தரை. மேலே டியூப்லைட்.

3

அந்தக் கணவர் அச்சகத்தில் முப்பத்தைந்து வருடம் பிழை திருத்தியவர். எழுத்தின் தலையில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் விடமாட்டார் என்பதால் அங்கே அவருக்கு 'புள்ளி சார்' என்று பெயர். (கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவர்களிடமே அதைத் திருத்திக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். அழைப்புகள் குறைந்ததற்கு மூட்டுவலி மட்டும் காரணமில்லை.)

அந்த அம்மாள் படிவத்தைப் படித்தார்.

"தூக்கம் எப்படி?"

"பரவாயில்லை."

"பசி?"

"பரவாயில்லை."

"எந்தப் பரவாயில்லை?"*

[* அந்த வீட்டில் மூன்று உண்டு. நன்றாகத்தான் இருக்கிறது என்பது ஒன்று. உப்பு கூடிவிட்டது, ஆனாலும் சாப்பிடுகிறேன் என்பது இன்னொன்று. என்னை விட்டுவிடு என்பது மூன்றாவது. கொஞ்ச நாளாக மூன்றாவது மட்டும்தான் வருகிறது. போன தடவை நர்ஸ் அதைக் கேட்டு 'நலம்' என்று குறித்துக்கொண்டார்.]

4

அடுத்த கேள்வியில் அந்த அம்மாளின் பேனா நின்றது. 'மனச்சோரவு இருந்ததா?' என்று அச்சாகியிருந்தது. ர-வின் தலையில் புள்ளி இல்லை. அந்த அம்மாளுக்கு ஒரே சந்தோஷம். கணவருக்குத் தீனி கிடைத்துவிட்டது என்று படிவத்தை நீட்டினார்.

"இதுல ஒரு பிழை இருக்கு, பாத்தீங்களா?"

"அப்பவே பாத்தேன்."

"ஒண்ணும் சொல்லலையே?"

"இருந்துட்டுப் போகட்டும்."

அந்த அம்மாள் படிவத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். கணவரின் சட்டைப் பித்தானைத் தானே போட்டுவிட வேண்டிவந்த அன்றுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

5

முடிவு ஒன்று: புள்ளி சார் நடுங்கும் கையால் பேனாவை வாங்கிப் புள்ளியை வைக்கிறார், மனம் தெளிகிறது. ஒரு புள்ளியில் குணமாகிற நோய்க்கு மருத்துவமனை எதற்கு? அடித்துவிட்டேன்.

முடிவு இரண்டு: டாக்டர் வந்து அரைப் பக்கத்துக்கு அறிவுரை சொல்— டாக்டருக்கு ஏது அவ்வளவு நேரம்.

6

"'இல்லை', 'சில நாள்', 'பல நாள்', 'தினமும்'னு நாலு கட்டம் இருக்கு. எதுல டிக் போட?"

"நீயே போடு. உனக்குத் தெரியாததா."

"தெரியும். ஆனா நீங்க சொல்லணும்."

நர்ஸ் கதவைத் திறந்துகொண்டு நிற்கிறார். வழக்கமான சொல் வந்தால் போன தடவை மாதிரி வலி மாத்திரையோடு வீட்டுக்கு. வேறு சொல் வந்தால் உள்ளே மனநல ஆலோசகர் ஒருவர் அவரோடு உட்கார்ந்து, கைவலியைத் தவிர மற்றதையும் கேட்பார்.

நல்லதாக ஒரு சொல்லை அவர் வாயில் வைப்பது எனக்குப் பெரிய வேலையில்லை. ஆனால் ரொம்ப நாளாகவே எல்லாரும் அவருக்குப் பதிலாகத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான் நிறுத்திக்கொள்கிறேன். நீங்களும் தயவுசெய்து எதையும் எடுத்துக்கொடுக்காதீர்கள்.

அவர் வாயைத் திறக்கிறார்.