ரயில்வே கேட்டில் ஆயிரத்து இருநூறு குஞ்சுகள்

கேட் போட்டு இருபது நிமிஷமாகியும் ரயிலைக் காணோம். சிக்னல் பழுதாம், எப்போது திறக்கும் என்று கேட் கீப்பருக்கே தெரியவில்லை. மண்டையைப் பிளக்கும் வெயில். முன்னால் ஒரு பஸ், பின்னால் இரண்டு லாரி, நடுவில் எங்கள் மூன்று சக்கர மின்சார வண்டி. அதற்குள் பன்னிரண்டு அட்டைப் பெட்டிகளில், பொரிந்து ஒரு நாள் கூட ஆகாத ஆயிரத்து இருநூறு கோழிக்குஞ்சுகள்.

மீட்டரில் சார்ஜ் பத்து சதவீதம் காட்டியது. பண்ணை இன்னும் ஏழு கிலோமீட்டர். அங்கே போய்ச் சேரவே பத்து வேண்டும். ஆனால் பெட்டிகளைக் குளிர வைக்கிற மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. கூரைமேல் இருக்கும் சோலார் தகடு ஒரு பங்கு சம்பாதித்தால், அந்த மெஷின் உட்கார்ந்தே இரண்டு பங்கு தின்னும்.

"எல்லாம் உங்களாலதான்க்கா" என்றேன். "நேத்து வானம் மூடிக் கிடந்துச்சு. தெரிஞ்சும் மாவு மெஷினை ஓட்டிச் சார்ஜை உறிஞ்சிட்டீங்க."

பக்கத்தில் இருந்தது என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. வண்டி எங்கள் இருவருக்கும் பொது. காலையில் நான் லோடு அடிப்பேன். மத்தியானம் வாசல் வெயிலில் நிறுத்தினால் அக்கா அதிலிருந்து வயர் இழுத்து மாவு மெஷினை ஓட்டுவாள். கரண்ட் போனால் பாதித் தெரு எங்கள் வாசலில் போனைச் சார்ஜ் போட்டுவிட்டு ஊர்க்கதை பேசும். பெட்டி ஏற்றி இறக்க உதவிக்கு வருகிறேன் என்று இன்று அவளாகத்தான் வந்தாள்.

குஞ்சு பொரித்து விற்கிற பொரிப்பகத்தில் இது எங்களுக்கு முதல் லோடு. இருபதுக்கு மேல் செத்தால் மறுபடி கூப்பிட மாட்டோம் என்று மேனேஜர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். உயிரோடு கொண்டு சேர்த்தால் தினமும் வேலை. அதை நம்பித்தான் துணிக்கடை வேலையை விட்டுவிட்டு வந்திருந்தேன்.

மீட்டர் ஒன்பதானது. மெஷினை நிறுத்தினேன். இரண்டே நிமிஷத்தில் பெட்டிக்குள் கை வைத்தால் சுட்டது. கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய மரம் இருந்தது. வண்டியை அங்கே நிறுத்தினால் தகடு வேலை செய்யாது. வெயிலில் நிறுத்தினால் குஞ்சு வெந்துவிடும். முன்னே போனால் கடிக்கிறது, பின்னே வந்தால் உதைக்கிறது.

"கத்தல் குறையுதுடி" என்றாள் அக்கா.

அதுவரை காதைக் கிழித்த கீச்சொலி அடங்கிக்கொண்டிருந்தது. குஞ்சு கத்தினால் பயமில்லை, வாயைப் பிளந்துகொண்டு சும்மா இருந்தால்தான் பயம் என்று பொரிப்பகத்தில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"வண்டி வெயில்லயே நிக்கட்டும். பெட்டியை மட்டும் நிழலுக்குக் கொண்டு போவோம்" என்றாள் அக்கா.

"நடுவுல கேட் திறந்தா? பின்னாடி லாரிக்காரன் ஏறி மிதிச்சிடுவான். இதெல்லாம் யோசிச்சிருந்தா நேத்தே மெஷினை நிறுத்தியிருப்பீங்க!"

அக்கா முதல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். நானும் திட்டிக்கொண்டே ஒன்றைத் தூக்கினேன். பன்னிரண்டையும் நிழலில் இடைவெளி விட்டுப் பரப்பி, மூடியைத் திறந்துவைத்தோம். காற்று லேசாக வந்தது. ஒரு பெட்டியில் மூன்று குஞ்சுகள் விறைத்துக் கிடந்தன. "பார்த்தீங்களா?" என்று அதற்கும் அவள்மேலேயே எரிந்து விழுந்தேன். ஒவ்வொரு பெட்டியிலும் கையை விட்டு, கும்பலாக அமுங்கியிருந்தவற்றைப் பிரித்துவிட்டோம். மெல்ல மெல்லக் கத்தல் திரும்பியது. நாற்பது நிமிஷத்தில் மீட்டர் பன்னிரண்டுக்கு ஏறியது.

அப்போதுதான் ரயில் வந்தது. பெட்டிகளோடு ஓடினோம். எட்டு ஏற்றுவதற்குள் கேட் திறந்து, முன்னால் நின்ற பஸ் போய்விட்டது. பின்னால் ஹாரன் அலறியது. ஒரு லாரிக்காரர் எங்கள் வம்சத்தையே இழுத்துத் திட்டினார். மீதி நாலையும் ஏற்றியதும் அக்கா முன்னால் வரவில்லை. பின்கதவைத் திறந்து கட்டி, பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்தாள்.

"ஓட்டுடி. காத்து வந்தாப் போதும், மெஷின் வேணாம்."

ஏழு கிலோமீட்டரும் நான் மீட்டரைத்தான் பார்த்தேன். ஆறு, நாலு, மூன்று. பண்ணை வாசலில் நிற்கும்போது இரண்டு. பண்ணைக்காரர் பெட்டி பெட்டியாகப் பார்த்தார். செத்தது பதினொன்று. "முதல் தடவைக்குப் பரவாயில்லை. நாளைக்கும் உங்களையே அனுப்பச் சொல்லி மேனேஜர்கிட்ட சொல்றேன்" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

உயிர் வந்ததும் எனக்கு வாயும் வந்தது. "இனிமேலாவது லோடுக்கு முந்தின நாள் மெஷின் பக்கம் போகாதீங்க."

அக்கா குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். "நேத்து நான் மெஷினே போடலை. மேகமா இருக்குன்னு வந்தவங்களைத் திருப்பி அனுப்பிட்டேன்."

"அப்ப சார்ஜ் எங்க போச்சு?"

"பொரிப்பகத்துக்குள்ள நுழையறப்ப எழுபத்தஞ்சு இருந்துச்சு, நீ பார்க்கலை. நீதான் ஷெட்டுக்குள்ள நிறுத்தி, குஞ்சுக்கு ஊசி போட்டு முடிக்கிறவரைக்கும் காலி வண்டியில நாலு மணி நேரம் குளிர் மெஷினை ஓட விட்டே. நானும் கிளம்பறப்பதான் கவனிச்சேன்."

காலையில் வண்டிக்குள் குளிர்ந்திருக்கட்டும் என்று சுவிட்சைப் போட்டது நானேதான்.

"கேட்லயே சொல்லியிருக்கலாமேக்கா. அவ்வளவு பேசினேனே!"

"சொல்லியிருந்தா அங்கேயே ஒடிஞ்சு உக்காந்திருப்பே. என்னைத் திட்டிக்கிட்டு இருந்தவரைக்கும் உன் கை நடுங்கலை. அதான் வாங்கிக்கிட்டேன்."

வெட்கத்தில் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். இத்தனை வருஷமாக அவளிடம் சண்டை போட்டே பழகிய வாயில் நல்லதாக ஒரு வார்த்தை கூட வரவில்லை.